கண் அனுப்புவது படம் அல்ல: பெருமூளைப் புறணி பற்றிய கேள்வி பதில்

மருத்துவ மாணவர்களுக்கு நரம்பு உடலியங்கியல் கற்பிக்கிறேன். புலன்கள் கொண்டுவரும் செய்தியைப் பெருமூளைப் புறணி என்ன செய்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அம்மா, புறணி என்பது மூளையின் எந்தப் பகுதி? நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன்.

பெருமூளையின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் சாம்பல் நிறப் படலம்தான் புறணி, தம்பி. தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர். மடிந்து மடிந்து கிடப்பதால், வெளியே தெரிவதைவிட மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் பரப்பே அதிகம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. அவற்றில் புறணியில் இருப்பவை சுமார் 1,600 கோடி. பெரும்பங்கு சிறுமூளையில் இருக்கிறது.

இந்த மெல்லிய படலத்துக்குள் ஆறு அடுக்குகள். மூளையின் நடுவே இருக்கும் தலாமஸிலிருந்து வரும் புலன்செய்தி பெரும்பாலும் நான்காம் அடுக்கில் வந்து சேரும். இரண்டாம், மூன்றாம் அடுக்குகள் அதைப் புறணியின் மற்றப் பகுதிகளுக்குக் கடத்தும். ஐந்தாம் அடுக்கு கீழே மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் அனுப்பும். ஆறாம் அடுக்கு மீண்டும் தலாமஸுக்கே எழுதும். பாடநூல் படங்களில் இந்தக் கடைசி அம்புக்குறி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஏன் என்பதைப் பின்னால் வரும் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று படித்தோம். மூளை அதை எந்த இடத்தில் நிமிர்த்துகிறது?

எந்த இடத்திலும் நிமிர்த்துவதில்லை. நிமிர்த்திப் பார்ப்பதற்கு உள்ளே இன்னொருவர் உட்கார்ந்திருக்கவில்லையே! இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால், கண் ஒரு படத்தை மூளைக்கு அனுப்புகிறது என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைத்தால்தான் மற்றவை விளங்கும்.

ஒரு கண்ணின் விழித்திரையில் 12 கோடிக்கும் மேற்பட்ட ஒளியுணர் செல்கள் உள்ளன. ஆனால் பார்வை நரம்பில் இருப்பவை ஏறத்தாழ 10 லட்சம் இழைகள்தாம். ஆகவே, எங்கே வெளிச்சம் மாறுகிறது, எங்கே ஒரு விளிம்பு இருக்கிறது, எது நகர்கிறது என்ற சுருக்கத்தை விழித்திரையே தயாரித்துவிடுகிறது. சீரான வெள்ளைச் சுவரைப் பற்றிச் சொல்ல அதற்கு அதிகம் இல்லை.

அந்தச் சுருக்கம் தலாமஸ் வழியாகப் பின்தலையில் உள்ள முதன்மைப் பார்வைப் புறணிக்கு வருகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பது 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனையின் புறணியில் நுண்மின்முனையைச் செருகிக் காத்திருந்தபோது தெரியவந்தது. கண்ணாடித் தகட்டில் கரும்புள்ளிகளை வைத்துத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். மின்முனை தொட்டிருந்த நரம்புச் செல் அசையவே இல்லை. தகட்டைக் கருவிக்குள் நுழைத்த ஒரு கணத்தில் திடீரென்று படபடவென்று துடித்தது. காரணம் புள்ளி அன்று, தகட்டின் ஓரம். அந்த ஓரம் திரையில் ஒரு மெல்லிய நிழல்கோடாக நகர்ந்திருக்கிறது. அந்தச் செல்லுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடு மட்டுமே. பக்கத்துச் செல்லுக்குச் சற்றே வேறு சாய்வு. இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மேல் எது, கீழ் எது என்பது, செல்களுக்கு இடையே உள்ள உறவாலும், உங்கள் கையும் உடலும் உலகில் அசைந்து பெற்ற பழக்கத்தாலும் தீர்மானமாகிறது. விழித்திரையில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதற்கு அதில் வேலை இல்லை.

கேள்வி: கோடுகளிலிருந்து ஒரு முகம் எப்படி உருவாகிறது? நிறம், அசைவு, முகம் எல்லாம் ஒரே இடத்திலா?

வேறு வேறு இடங்கள். முதன்மைப் புறணியைத் தாண்டியதும் பாதைகள் பிரிகின்றன. ஒன்று காதருகே உள்ள பொட்டுப் பக்கம் இறங்கி, இது என்ன பொருள், யாருடைய முகம் என்பதை ஆராய்கிறது. மற்றொன்று உச்சந்தலைப் பக்கம் ஏறி, அது எங்கே இருக்கிறது, அதை எட்டிப் பிடிக்கக் கையை எப்படி நீட்ட வேண்டும் என்பதைக் கவனிக்கிறது.

இந்தப் பிரிவினை எவ்வளவு உண்மை என்பதை நோயாளிகள்தாம் காட்டினார்கள். 1983இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பெண்மணி வருகிறார். மூளையின் இருபுறமும் அசைவைக் கணிக்கும் பகுதி சேதமடைந்திருந்தது. நிறம் தெரிந்தது, பொருள்களை அடையாளம் கண்டார். ஆனால் அசைவு மட்டும் இல்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்துபோய் நிற்பதுபோல் தெரிந்ததாம். மட்டம் உயர்வதைக் காண முடியாததால் எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. தெருவைக் கடக்க நின்றால், தொலைவில் இருந்த வண்டி திடீரென்று பக்கத்தில் நின்றது. வேறு சிலருக்கு எல்லாம் தெரியும், முகம் மட்டும் பிடிபடாது. மனைவியைக் குரல் கேட்டபின்தான் அறிவார்கள்.

எல்லாப் பாதைகளும் கடைசியில் வந்து கூடும் ஒற்றை இடம் ஒன்றைத் தேடினால் கிடைக்காது. பகுதிகள் ஒன்றோடொன்று இடைவிடாமல் பேசிக்கொள்வதில்தான் முழுக்காட்சி இருக்கிறது.

கேள்வி: முதுகில் யாராவது இரண்டு விரலால் தொட்டால் ஒன்றுபோல் தோன்றுவது ஏன்?

நல்ல கவனிப்பு. வீட்டிலேயே சோதியுங்கள். ஒரு கம்பியை வளைத்து இரு முனைகளையும் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, கண்ணை மூடியவரின் விரல்நுனியில் மெல்லத் தொடுங்கள். பெரும்பாலோர் இரண்டு என்பார்கள். முதுகில் அதே இரண்டு முனைகளும் ஒன்றாகிவிடும். அங்கே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் விலக்க வேண்டியிருக்கும்.

விரல்நுனித் தோலில் உணர்முனைகள் நெருக்கம். அதற்கேற்பத் தொடு புறணியில் அதற்கு ஒதுக்கிய இடமும் அதிகம். நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, அறுவைச் சிகிச்சையின்போது விழிப்புடன் இருந்த நோயாளிகளின் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு இந்த வரைபடத்தை எழுதினார். 1937இல் அது வெளிவந்தது. உதடும் கையும் பெரும்பரப்பைப் பிடித்துக்கொள்ள, முதுகு ஓர் ஓரத்தில் ஒடுங்கிவிட்டது.

கேள்வி: புலனிலிருந்து மூளைக்குத்தானே செய்தி போகிறது? மூளையிலிருந்து கீழே ஏன் இத்தனை நரம்புகள்? (முதுநிலை மாணவி)

இதற்காகத்தான் காத்திருந்தேன், மகளே.

கண்ணிலிருந்து வரும் செய்தியைப் புறணிக்கு மாற்றிவிடும் தலாமஸ் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள நரம்பு இணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. புறணியின் ஆறாம் அடுக்கிலிருந்து திரும்பி வருபவை அதைவிடப் பல மடங்கு. எண்ணிக்கையில் குறைந்தாலும் விழித்திரையின் இணைப்புகள் வலுவானவை, செல்லை ஓட்டுபவை அவையே. இருந்தாலும், இவ்வளவு பெரிய திரும்பும் பாதையை வெறும் துணை ஏற்பாடு என்று தள்ளிவிட முடியாது.

பலர் ஏற்கும் விளக்கம் இது: இப்போது என்ன வரப்போகிறது என்று புறணி முன்கூட்டியே கணித்துக் கீழே அனுப்புகிறது. கணிப்புக்கு ஒத்துவந்தவை அடங்கிப்போகின்றன. ஒத்துவராதவை மேலே ஏறுகின்றன. 1860களிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்ப்பது என்பது நாம் அறியாமல் செய்யும் ஓர் அனுமானம் என்றார். 1999இல் ராஜேஷ் ராவும் டானா பல்லார்டும் பார்வைப் புறணிக்கு அதையே கணித மாதிரியாக எழுதினார்கள். எல்லாப் புலன்களுக்கும் இதே விதி பொருந்துமா என்ற விவாதம் நடக்கிறது. ஆனால் புறணி வெறுமனே வாங்கிக்கொள்ளும் இடம் அல்ல என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நீங்களே பாருங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து வலப்பக்கம் 7 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே உற்றுப் பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணிலிருந்து 25 சென்டிமீட்டர் வாக்கில் புள்ளி மறையும். பார்வை நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியுணர் செல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓட்டை தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாள் தெரிகிறது. புள்ளியை ஊடுருவி ஒரு நீண்ட கோடு வரைந்துவிட்டுச் செய்தால், கோடு அறுபடாமல் தொடரும். சுற்றிலும் உள்ளதைக்கொண்டு புறணி இட்டு நிரப்புகிறது.

இன்னொன்று: கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்பவர் தெளிவாகக் காண்பார். கண் தாவும் நேரத்தில் வரும் செய்தியை மூளை அடக்கிவிடுகிறது. விழித்திருக்கும்போது ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இது நடக்கிறது.

உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இந்த வகைதான். கையை அசைக்க ஆணை போகும்போதே, விளையப்போகும் தொடுகையைச் சிறுமூளை கணித்துவிடுகிறது. தொடு புறணியின் துடிப்பு தணிகிறது.

கேள்வி: உதடு அசைவைப் பார்த்தால் பேச்சு நன்றாகக் கேட்பது உண்மையா, பிரமையா?

உண்மை. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று உச்சரிக்கும் வாயின் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்கு ‘டா’ என்று கேட்டது. கண்ணை மூடினால் மீண்டும் ‘பா’. விஷயம் தெரிந்தபின்னும் கேட்பது மாறுவதில்லை.

கேள்வி: ஒரு வாசனை பட்டதும் பழைய நினைவு பொங்குவது ஏன்?

மற்றப் புலன்கள் தலாமஸைத் தாண்டித்தான் புறணிக்கு வரும். மணம் அப்படியல்ல. மூக்கிலிருந்து நுகர்ச்சிக் குமிழுக்கும், அங்கிருந்து நேராக நுகர்ச்சிப் புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் போகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த நெருக்கமே காரணம் என்று கருதுகிறோம்.

கேள்வி: மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

இல்லை. முழுவதையும் பயன்படுத்துகிறோம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 81. விழித்திரை நோயால் நடுப்பார்வை போய்விட்டது. சில வாரங்களாக அறையில் சிறு குழந்தைகளும் பூ வேலைப்பாடுகளும் தெரிவதாகச் சொல்கிறார். மனநிலை தவறுகிறதோ என்று வீட்டில் பயப்படுகிறோம்.

ஐயா, உங்கள் கலக்கம் புரிகிறது. பார்வை குன்றியவர்களுக்கு இப்படி நேர்வது அரிதல்ல. 1760இல் சுவிஸ் இயற்கை ஆய்வாளர் சார்லஸ் போனே தம் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்தார். போனேயின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி வருவது நின்றதும் பார்வைப் புறணி சும்மா இருப்பதில்லை. தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. முகங்கள் தோன்றும்போது முகப் பகுதியும், நிறங்கள் தோன்றும்போது நிறப் பகுதியும் தூண்டப்படுவதை மூளைப் படங்களில் கண்டிருக்கிறார்கள்.

தந்தையிடம் இதைச் சொல்லுங்கள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பல முதியவர்கள் மறைத்துவிடுகிறார்கள். அவர் உங்களிடம் சொல்லியிருப்பதே நல்லது. விளக்கைப் போடுவது, கண்ணை இடவலமாக அசைப்பது சிலருக்கு உதவும். ஆனாலும் நேரில் பாராமல் இதுதான் என்று நான் முடிவுசொல்லக் கூடாது. மருந்துகளாலும் வேறு நரம்பு நோய்களாலும் இப்படி வரலாம். அவருக்குத் தெரிவது நிஜம் என்று அவர் நம்பினாலோ, குரல் கேட்டாலோ, குழப்பம் சேர்ந்தாலோ தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பிறவியிலேயே பார்வை இல்லாதவரின் பார்வைப் புறணி வீணாகக் கிடக்குமா?

கிடக்காது. பிரெய்ல் எழுத்தை விரலால் படிக்கும்போது அவர்களுடைய பார்வைப் புறணி வேலை செய்வது 1996இல் தெரியவந்தது. சிறுவயதிலிருந்தே பார்வையற்ற, பிரெய்லில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பின்தலையின் இருபுறமும் பக்கவாதம் தாக்கியது. விரலில் தொடு உணர்வு இருந்தது, பிரெய்லைப் படிக்கும் திறன் போய்விட்டது.

இதைவிட வியப்பானது, மிருகங்கா சூர் குழுவினர் எம்.ஐ.டி.யில் ஃபெரெட் என்னும் சிறு விலங்குகளில் செய்தது. பிறந்த குட்டிகளின் பார்வை இழைகளைச் செவிப்புலனுக்கான தலாமஸ் பகுதியில் போய்ச் சேரும்படி திருப்பினார்கள். செவிப் புறணியில் கோட்டின் சாய்வை அறியும் செல்கள் உருவாயின. அந்தப் பாதையில் வந்த ஒளியை விலங்குகள் ஒளியாகவே உணர்ந்தன. பிறப்பிலேயே ஓரளவு திட்டம் வகுக்கப்பட்டிருந்தாலும், ஒரு புறணிப் பகுதி என்னவாகிறது என்பதில் அதற்கு வரும் செய்திக்குப் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: என் ஐந்து வயது மகளுக்குச் சோம்பேறிக் கண் என்று சொல்லி, நன்றாகத் தெரியும் கண்ணை மூடச் சொல்கிறார் மருத்துவர். நல்ல கண்ணை ஏன் மூட வேண்டும்? அவள் அழுகிறாள்.

அம்மா, கோளாறு இப்போது புறணியில் இருக்கிறது, அதனால்தான். ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையை முதல் மூன்று மாதம் மூடிவைத்தார்கள். திறந்தபின் அந்தக் கண்ணில் பெரிய குறை இல்லை. ஆனால் பார்வைப் புறணிச் செல்கள் ஏறத்தாழ அனைத்தும் மற்றக் கண்ணுக்கே பதில் சொல்லின. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது மாற்றம் இல்லை. இளம் வயதில் இரு கண்களும் புறணியில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. உங்கள் மகளின் வலுவான கண் வென்றுகொண்டிருக்கிறது. அதைச் சிறிது நேரம் மூடினால்தான் மற்றக் கண்ணின் இணைப்புகள் வலுப்பெறும்.

ஐந்து வயது நல்ல வயது. காலம் கடந்தால் எதுவுமே நடக்காது என்றும் எண்ண வேண்டாம். பிறவிக் கண்புரை போன்ற குறைகளால் பார்வையற்றிருந்த 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு அறுவை செய்தபின் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. கையால் தடவி அறிந்த வடிவத்தை முதலில் கண்ணால் அடையாளம் காண முடியாதவர்கள், சில நாள்களிலேயே கண்டுகொண்டார்கள். ஆனாலும் இளமையில் கிடைக்கும் பலன் பிறகு முழுதாகக் கிடைப்பதில்லை.

கண்ணாடி கொடுத்திருந்தால் அதையும் போட்டே இருக்க வேண்டும். கட்டியிருக்கும் நேரத்தில் வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது போன்ற, கண்ணுக்கு நெருக்கமான, அவளுக்குப் பிடித்த வேலை ஏதாவது கொடுங்கள். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள். அதிகம் மூடினால் நல்ல கண்ணின் பார்வை குறையலாம் என்பதால், மறுபரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.