தம்பி கேக்குற மெட்டல் பாட்ட எப்படி நிறுத்த வைக்கிறது?

தம்பி மெட்டல், அதான் கத்தலும் அதிர்ற கிட்டாருமா வர்ற ராக் பாட்டு, கேக்குறதால உங்களுக்குள்ள சண்டைன்னு எழுதியிருக்கீங்க. அவனோட ரசனைய மாத்த முடியாது, மாத்தவும் வேணாம். "இதெல்லாம் ஒரு பாட்டா"ன்னு கேக்குறத மட்டும் முதல்ல நிறுத்துங்க, நீங்க எழுதின சண்டையில பாதி அங்கதான் ஆரம்பிக்குது.

அவனுக்கு அது பிடிக்கக் காரணம் பெரும்பாலும் பழக்கம்தான். அடிக்கடி காதுல விழுறது மேல தானா ஒரு பிடிப்பு வரும்னு ராபர்ட் ஸயான்ஸ்ங்கிற உளவியலாளர் 1968லயே எழுதிட்டார், உங்களுக்குப் பிடிச்ச மெலடிக்கும் அதேதான். அதுவும் பதின்ம வயசுல கேட்ட பாட்டு ரொம்ப ஆழமா ஒட்டிக்கும், அவன் இப்ப அந்த வயசுல இருக்கான், நீங்க பாட்டத் திட்டினா அவனத் திட்டின மாதிரிதான் அவனுக்குக் கேக்கும்.

இத செஞ்சு பாருங்க: அவனுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு பாட்ட போடச் சொல்லி ஹெட்போன்ல முழுசா கேளுங்க. கத்துறத விட்டுட்டு டிரம்ஸ மட்டும் கவனிங்க, நிறைய மெட்டல் பாட்டுல ரெண்டு காலும் மாறி மாறி பேஸ் டிரம்ம, அதான் கீழ இருக்குற பெரிய டிரம்ம, மிதிச்சிட்டே இருக்க கை வேற தாளம் போடும், அந்த வேகத்துல பிசகாம வாசிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அப்புறம் "உனக்கு எந்த இடம் பிடிக்கும்"னு கேளுங்க. அப்பவும் பிடிக்கலைன்னா பொய்யா தலையாட்ட வேணாம், "எனக்கு ஒட்டல"ன்னு சொல்றது வேற, "குப்பை"ன்னு சொல்றது வேற.

ஆனா ராத்திரி ஸ்பீக்கர அலற விடுறது ரசனைல சேராது, அத கறாராவே பேசுங்க. ஹெட்போன்லயும் சத்தத்தோட அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90 ஆனா 4 மணி நேரம்தான் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.