கிரியேட்டினின் ஏறவில்லை என்றால் எலியின் சிறுநீரகம் நலமா?

ஆய்வு எலிகளின் ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் மாறவில்லை, அப்படியானால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது.

சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம். ஒன்றை முழுதாக எடுத்தாலும் மற்றது வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும். அதனால்தான் ஆய்வில் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்க, ஒரு சிறுநீரகத்தோடு மற்றதில் மூன்றில் இரண்டு பங்கையும் நீக்கும் 5/6 முறையைக் கையாள்கிறார்கள். நாய், பூனைகளில் ஏறத்தாழ 75 சதவீதச் செயல்திறன் போன பிறகுதான் கிரியேட்டினின் வழக்கமான வரம்பைத் தாண்டும் என்பார்கள்.

அப்புறம், கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. நோயில் மெலிந்த விலங்கில் உற்பத்தியே குறைந்து, அளவு நல்லதாகவே தெரியும். சுண்டெலி என்றால், நிற மாற்றத்தை வைத்துக் கிரியேட்டினினை அளக்கும் பழைய ஜாஃபே முறையை நம்பவே வேண்டாம். ரத்தத்திலுள்ள வேறு பொருள்களும் அதே நிறத்தைத் தருவதால் அது கூடுதலாகக் காட்டும்; சிறிய ஏற்றம் அதில் மறைந்துபோகும். நொதியைக் கொண்டு அளக்கும் முறையோ, பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியோ மேல்.

சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான யூரியாவை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. புரதம் மிகுந்த தீவனம், நீரிழப்பு, குடலில் ரத்தக்கசிவு, எதுவும் அதை ஏற்றிவிடும். சிறுநீரகம் வெளியேற்றும் எஸ்டிஎம்ஏ என்ற பொருள் தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல, பெரும்பாலும் முன்னதாகவே உயரும். சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளப்பதும் உதவும். வசதி இருந்தால், இனுலின் (இன்சுலின் அல்ல; சிறுநீரகம் வடிகட்டி நீக்கும் ஒரு தாவரச் சர்க்கரைப் பொருள்) செலுத்தி அது ரத்தத்திலிருந்து நீங்கும் வேகத்தை வைத்து வடிகட்டும் திறனையே அளந்துவிடுங்கள்.