ஈறில் ரத்தம்: நீலகிரித் தைலம் விட்டுக் கொப்பளிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. வெந்நீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக் கொப்பளித்தால் கிருமி செத்துவிடும் என்கிறார் மாமியார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. கிருமி வளர்க்கும் தட்டில், தைலத்தில் நனைத்த காகித வில்லையை வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வட்டம் தெரியும். சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸை வைத்து நானே பார்த்திருக்கிறேன்.

வாயில் அது இப்படித் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. பல்லும் ஈறும் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவு போல ஒட்டி வருமே, அதற்குள் பல வகைக் கிருமிகள் பசையைப் போர்த்திக்கொண்டு குடியிருக்கின்றன. ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸுக்குக் காற்றே ஆகாது. ஈறுக்கு அடியில் பதுங்கிவிடும். (ஆய்வகத்தில் அதை ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழில், ஆக்சிஜன் இல்லாத டப்பாவில் வளர்ப்போம். கறுப்புப் புள்ளிகளாக வரும். நாற்றம் சொல்லி மாளாது.) கொப்பளிக்கும் நீர் அதுவரை போவதில்லை.

இன்னொன்று, தம்ளரில் தைலம் விட்டுப் பாருங்கள்: கரையாமல் மேலேயே மிதக்கும். அப்படியே ஈறில் பட்டால் எரியும், புண்ணாகும். கடையில் விற்கும் லிஸ்டரின் கொப்பளிப்பு நீரிலும் நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருளான யூகலிப்டால் உண்டு, ஆனால் 0.092 சதவீதம்தான், அதையும் ஆல்கஹால் போன்ற ஒன்றில் கரைத்துத்தான் சேர்க்கிறார்கள். கிராம்பு எண்ணெயும் நோயைத் தீர்ப்பதில்லை. வலியை மரத்துப்போக வைக்கும், சொத்தை உள்ளே வேலையைத் தொடரும்.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குகிறீர்களா? பலர் செய்யும் தப்பு அது. மென்மையான பிரஷை ஈறு ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, காலையும் இரவும் 2 நிமிடம் மெதுவாகத் தேயுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கலாம். 2 வாரத்தில் குறையாவிட்டால் அந்த மாவு போன்ற படிவு கல்லாக இறுகிக் காரை கட்டியிருக்கலாம். பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள், அது கூடினாலும் ஈறு கெடும்.

வீட்டில் குழந்தை இருந்தால் தைலப் புட்டிகள் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். நீலகிரித் தைலம் கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரலாம். ஊட்டிக் கடைகளில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் விண்டர்கிரீன் தைலம் (வலிக்குத் தேய்ப்பது) இன்னும் மோசம்: ஒரு தேக்கரண்டி உள்ளே போனால், சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கியதற்குச் சமம்.