ஓரடி அகலத்தில் ஒரு ரஃப் நோட்டு

கேள்வி: எனக்கு வயது 46, திருச்சியில் இருக்கிறேன். மகனுக்கென்று வாங்கிய ஹெச்ஓ (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு) ரயில் செட் இப்போது என்னுடையதாகிவிட்டது. நீள்வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்து அலுத்துப்போய், பெரிய லேஅவுட் கட்டலாமென்று எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்று வாங்கினேன். ஒரு வருடமாக அது சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. தண்டவாளத்தை வெட்டவும் சால்டர் வைக்கவும் பயம். முதலில் சின்னதாக ஒன்று செய்து பழகலாமா? என்ன அளவில், எப்படிப்பட்டது? எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் கட்டுப்பாடான டிசிசி இப்போதே வேண்டுமா? மண், மரம் எல்லாவற்றையும் கூடவே பழகலாமா?

பதில்: தாராளமாகப் பழகலாம். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “சின்ன லேஅவுட்” என்றதும் பலரும் பெரிய கனவைச் சுருக்கி நாலடிக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். ஒரு ஸ்டேஷன், ஒரு குகை, ஒரு பாலம், சுற்றிவர ஒரு வட்டம். கட்டி முடிப்பதற்குள் அதன்மேல் பாசம் வந்துவிடுகிறது. பாசம் வந்த பலகையில் கோணலாகப் போட்ட தண்டவாளத்தைப் பிடுங்கி மறுபடி போட யாருக்கும் மனசு வராது. உங்களுக்கு வேண்டியது பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தோமே ரஃப் நோட்டு, அந்த மாதிரி ஒன்று. ஒரே வேலையை ஒரே இடத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை செய்து பார்க்கத் தோதான பலகை.

வட்டம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் வேகன்களை இழுத்துக்கொண்டு ஓடும்போது கொஞ்சம் கோணலான இணைப்பைக்கூடத் தாண்டிவிடும். அதே வேகன்களைப் பின்னாலிருந்து தள்ளும்போது ஒவ்வொரு தப்பும் தடம்புரண்டு காட்டிக்கொடுக்கும். ஆகவே தள்ளுகிற வேலை நிறைய உள்ள அமைப்பு, அதாவது வேகன்களை மாற்றி மாற்றிக் கோக்கும் ஷண்டிங் யார்டு, பழகுவதற்கு நல்லது.

இதற்கென்றே அளவெடுத்தது போல ஒரு வரைபடம் இருக்கிறது: இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நுக் சைடிங்ஸ். நார்தம்பர்லாந்து பக்கம் கிராமத்துக் கிளைப் பாதையொன்றில் இருந்த கில்ஹாம் என்ற நிஜமான சைடிங்கை (வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் தடம்) வைத்து உருவானது அது. மொத்தமே இரண்டு பாயின்ட் (தடம் பிரியும் இடம்), மூன்று முட்டுப் பாதைகள் (ஒரு முனை அடைபட்டவை). நீளமான பாதையில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. முன்பக்கம் உள்ள ஒற்றைத் தடத்தில் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்க இடம் வேண்டும். எட்டு வேகன்களை எப்படியாவது கலைத்து நிறுத்துங்கள். எட்டுச் சீட்டு எழுதி அதில் ஐந்தைக் குலுக்கி எடுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் நீளப் பாதையில் கோத்து நிறுத்த வேண்டும். சும்மா விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் கோக்கக்கூடிய வரிசைகள் 6,720. வேகன் கையில் குறைவாக இருந்தால் மூன்று-இரண்டு-இரண்டு என்று சுருக்கிக்கொள்ளலாம். அதற்கு ஐந்து வேகன் போதும், வரிசைகள் 60.

இனி அளவு. இரண்டு அச்சுள்ள குட்டி வேகன் ஹெச்ஓவில் சுமார் 9 செ.மீ. வரும். முன்தடத்துக்கு மூன்று வேகனும் சின்ன எஞ்சினும் சேர்த்து 38 செ.மீ. என்று வையுங்கள். மாடல் தண்டவாளம் செய்யும் பீக்கோ கம்பெனியின் சின்ன ஆர பாயின்ட் 18.5 செ.மீ. நீளப் பாதையில் ஐந்து வேகனுக்கு 45 செ.மீ., பக்கத்துப் பாதையில் உரசாமல் நிற்க இன்னொரு 6 செ.மீ. கூட்டினால் 108-க்குள் அடங்கிவிடுகிறது. அதாவது நாலடிப் பலகை போதும், அகலம் ஓரடி. நம்மூர் பாக்ஸ்என் சரக்கு வேகனை வைத்துத்தான் செய்வேன் என்றால், அது 10.7 மீட்டர், ஹெச்ஓவில் 12.3 செ.மீ. வரும். பெரிய டீசல் எஞ்சினும் சேர்ந்தால் ஐந்தடி ஆகிவிடும். (இதில் ஒரு வேடிக்கை: நம் அகலப்பாதையின் 1676 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். ஹெச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். பழகும்போது இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

சுவரில் சாய்ந்திருக்கிறதே, அந்த ஷீட்டிலிருந்தே ஓரடிப் பட்டை ஒன்றை அறுக்கச் சொல்லுங்கள். ஏழுக்கு நாலு மிச்சம் இருக்கும், ஒன்றும் குறைந்துவிடாது. அடியில் ரீப்பர் கட்டை அடித்து, மழைக்காலத்தில் பலகை முறுக்கிக்கொள்ளாதபடி இரண்டு பக்கமும் பிரைமர் பூசிவிடுங்கள். தரையில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். மேஜைமேல் வைத்து, தண்டவாளம் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுபோனால்தான் கோணல் தெரியும்.

தண்டவாளத்துக்கு கோடு 100 வாங்குங்கள். தண்டவாளத்தின் உயரம் 0.1 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், ஆனால் கற்றுக்குட்டியின் கையைத் தாங்கும். ஒரு கஜ நீள ஃப்ளெக்ஸ் (வளைக்கக்கூடிய) தண்டவாளம் இரண்டு போதும், நீங்கள் மூன்று வாங்குங்கள். மூன்றாவது கெடுப்பதற்கு. அதை வெட்டுங்கள், வளையுங்கள், சுட்டுப் பாருங்கள். பயம் போக வேறு வழி கிடையாது. வெட்டும்போது கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. வெட்டிய முனையை அரத்தால் நேராக்கி, விரல் நகத்தை இணைப்பின்மேல் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

மூன்று பாதைகளில் ஒன்றையாவது வேண்டுமென்றே வளைவாகப் போடுங்கள், அந்த வளைவுக்குள் ஒரு இணைப்பும் வரட்டும். பெரிய லேஅவுட்டில் அதிகம் படுத்துவது அந்த இடம்தான். சூட்சுமம் இது: இரண்டு துண்டையும் நேராக வைத்து, ஜாயினர் (இணைப்புத் துண்டு) போட்டு, சால்டர் வைத்து இணைத்துவிட்டு அப்புறம் வளையுங்கள். வளைத்த பிறகு சால்டர் வைத்தால் இணைப்பு முழங்கை மாதிரி மடங்கி நிற்கும். வளைத்ததும் உள்பக்கத் தண்டவாளம் வெளியே நீட்டிக்கொண்டு வரும், அதை அளவாக வெட்டிவிட வேண்டும்.

சால்டர் விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகிவிடுமோ என்று ஊசி முனையுள்ள சின்ன அயர்னை வாங்கி, அது சூடேறாமல் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கிறார்கள். அதனால்தான் ஸ்லீப்பர் உருகுகிறது. தட்டை முனையுள்ள 40 வாட் அயர்ன் வாங்குங்கள். நிறையச் சூடு, கொஞ்ச நேரம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை எமரித் தாளால் பளபளவென்று தேயுங்கள். உள்பக்கம் வேண்டாம், அங்கே சக்கரத்தின் விளிம்பு ஓட வேண்டும். நடுவில் ரோசின் உள்ள 60/40 சால்டரால் தேய்த்த இடத்தில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள். வயர் முனைக்கும் தனியாக ஒரு பூச்சு. இரண்டு பக்கத்து ஸ்லீப்பர்மேலும் ஈரப் பஞ்சு வையுங்கள். வயரைத் தண்டவாளத்தில் பொருத்தி அயர்னை மேலே வைத்து “ஒன்று, இரண்டு” என்று எண்ணுங்கள், மூன்று சொல்வதற்குள் சால்டர் பளிச்சென்று ஓடிப் படியும். அயர்னை எடுத்த பிறகு இன்னும் மூன்று விநாடி வயர் ஆடக்கூடாது. மங்கலாக உருண்டை கட்டி நின்றால் அது ஒட்டவில்லை என்று அர்த்தம், மறுபடி செய்யுங்கள். கெடுக்க வாங்கிய துண்டில் பத்து வைத்துப் பாருங்கள், ஏழாவது எட்டாவதிலிருந்து கை வந்துவிடும். ரேடியேட்டர் கடைகளில் உபயோகிக்கிற அமில ஃப்ளக்ஸ் மட்டும் கூடாது, கொஞ்ச நாளில் வயர் பச்சை பூத்து அரித்துவிடும். சால்டரில் ஈயம் இருக்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பாயின்ட் வாங்கும்போது ஃப்ராக் (இரண்டு தடங்களின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்துத் துண்டு) உலோகமாக, மின்சாரம் பாய்வதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஃப்ராக் வயரிங்குக்குச் சுலபம்தான், ஆனால் ஷண்டிங்கில் குட்டி எஞ்சின் மெதுவாக ஊர்ந்து வந்து சரியாக அந்தத் துண்டின்மேல் உயிர்விடும். உலோக ஃப்ராக்கில் ஒரு பொறி உண்டு. “ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி வயர் கொடு, ஜாயினரை நம்பாதே” என்று எங்கும் படித்திருப்பீர்கள், சரியான அறிவுரைதான். ஆனால் ஃப்ராக்கின் முனை பாயின்ட் திரும்பும்போதெல்லாம் பக்கம் மாறும். அதற்கு அப்பால் உள்ள பாதைக்கும் நேராக வயர் கொடுத்தால் ஒரு பக்கம் திருப்பும்போது ஷார்ட் ஆகும். ஃப்ராக்கிலிருந்து வெளியே போகிற இரண்டு உள் தண்டவாளங்களிலும் உலோக ஜாயினருக்குப் பதில் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டால் தீர்ந்தது. இந்தப் பலகையில் இரண்டு பாயின்ட், ஆக நாலு பிளாஸ்டிக் ஜாயினர். முதலில் வேண்டுமென்றே அதைப் போடாமல் ஷார்ட் ஆக்கிப் பாருங்கள் என்றுகூடச் சொல்வேன். கன்ட்ரோலருக்குப் பாதுகாப்புத் துண்டிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை கண்ணால் பார்த்தால் மறக்காது.

டிசிசி? இப்போது வேண்டாம். ஒரே எஞ்சின் ஓடுகிற இடத்தில் அது வாங்கிக் கொடுப்பது செலவைத்தான். செட்டோடு வந்த 12 வோல்ட் கன்ட்ரோலரில் எஞ்சின் மெதுவாக ஊர்ந்தால் போதும். ஊராமல் குதித்துக் கிளம்பினால் நல்ல கன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள். பின்னால் டிசிசிக்கு மாறும்போதும் இந்த வயரிங் அப்படியே ஆகும்.

ஓட ஆரம்பித்ததும் தடம்புரளும். ஒரு சின்ன நோட்டில் எந்த வேகன், எந்த இடம் என்று குறித்து வாருங்கள். ஒரே வேகன் பல இடங்களில் புரண்டால் கோளாறு அதன் சக்கரத்தில். பல வேகன்கள் ஒரே இடத்தில் புரண்டால் தண்டவாளத்தில். 1935-இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் சக்கர இடைவெளி, தண்டவாள இடைவெளி இரண்டையும் சோதிக்கத் தகட்டில் ஒரு அளவுகோல் வெளியிடுகிறது. வாங்க முடிந்தால் இந்தத் தொழிலில் அதைவிட உபயோகமான கருவி இல்லை. ஐந்து வேகனையும் ஆமை வேகத்தில் தள்ளிக்கொண்டு இரண்டு பாயின்ட்டையும் இருபது தடவை தாண்டுங்கள். ஒன்றுகூடப் புரளாத நாள்வரை ஜல்லியைத் தொடாதீர்கள்.

அதுதான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில். மண், மரம் பழகலாம், ஆனால் ஓட்டம் சரியான பிறகு. அப்போதும் பலகை முழுக்க வேண்டாம், ஒரு மூலையில் ஓரடிக்கு ஓரடி போதும்.

ஜல்லிக்குக் கடைப் பொட்டலத்தைத் தேடி அலைய வேண்டாம். நம் ரயில்வேயில் போடுகிற ஜல்லி பெரும்பாலும் 20-லிருந்து 65 மி.மீ. வரை. ஹெச்ஓவில் மிகப் பெரிய கல்லே முக்கால் மி.மீ.தான் வரும். பக்கத்தில் எங்காவது வீடு கட்டினால் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள். கருங்கல்லை உடைத்த தூள்தானே, நிறம் அப்படியே இருக்கும். டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததைத் தண்ணீரில் அலசி மாவுத் தூளை வடித்துவிட்டு, காயவைத்து, காந்தத்தைக் காட்டுங்கள். காந்தம் காட்டுவதை விட்டுவிடாதீர்கள். என் முதல் பலகையில் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து அப்படியே தூவினேன், பார்க்க அருமையாக இருந்தது. பத்து நாளில் எஞ்சின் முனக ஆரம்பித்தது. பிரித்தால் மோட்டார் காந்தத்தில் கறுப்புத் தூள் மீசை வைத்திருந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலிதீன் பையில் சுற்றி மண்ணுக்குள் விட்டு எடுங்கள், ஒட்டியதைப் பையோடு உரித்துப் போட்டுவிடலாம். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பும் உண்டு, கறுப்பு மணலும் உண்டு.

ஸ்பூனால் கொட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஒதுக்கி, தண்டவாளத்தை விரலால் லேசாகத் தட்டினால் ஸ்லீப்பர்மேல் நிற்கிற கல்லெல்லாம் இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரைப் பனிபோலத் தெளித்து நனைத்துவிட்டு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் நனைக்காவிட்டால் பசை உருண்டு குழிபறிக்கும். பாயின்ட் நாக்குகள் நகரும் இடத்தில் பசை படக்கூடாது. காயும்வரை அரை மணிக்கொரு தடவை பாயின்ட்டைத் திருப்பிக்கொண்டிருங்கள்.

பசை வாங்கும்போது தண்ணீர் புகாத ரகம் வேண்டாம், சாதாரணமானதே போதும். இந்த ரஃப் நோட்டுப் பலகை முடிந்ததும் வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டால் ஜல்லி குழைந்துவிடும். தட்டையான கத்தியை அடியில் விட்டு நெம்பினால் இரண்டு பாயின்ட்டும் முழுசாகக் கழன்று வரும். பழைய டூத்பிரஷ்ஷால் கழுவிக் காயவையுங்கள், ஏழுக்கு நாலில் முதல் யார்டுக்கு அவையே ஆகும்.