மூன்று துளியில் தொடங்குங்கள்: ஒரே உறுப்பால் சீன எழுத்து படிப்பது

ஒவ்வொரு சீன எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் மறந்துபோகிறது, ஒரே உறுப்பு (பொருளுக்குக் குறிப்புத் தரும் எழுத்தின் பகுதி) உள்ளவற்றைச் சேர்த்துப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் உறுப்பு இருக்கும் பாதியோடு நின்றுவிடக் கூடாது, மறுபாதியையும் பார்க்க வேண்டும்.

இடப்பக்கம் மூன்று துளி இருந்தால் அது நீர். ஆறு, ஏரி, கடல், வியர்வை, கழுவுதல் எல்லாவற்றிலும் அது உண்டு. முதல் இரண்டு துளிகள் மேலிருந்து கீழே இறங்கும்; மூன்றாவது கீழிருந்து வலப்பக்கம் மேலேறும். புதியவர்கள் மூன்றையும் கீழ்நோக்கியே இழுப்பார்கள். துளி இரண்டே இருந்தால் அது பனிக்கட்டி. ‘குளிர்’ என்ற எழுத்தில் வரும்.

வலப்பக்கம் பெரும்பாலும் ஒலியைச் சொல்லும். ஆட்டுக்கு ‘யாங்’. அதன் இடப்பக்கம் நீரைச் சேர்த்தால் பெருங்கடல். அதுவும் ‘யாங்’, தொனிகூட (குரலின் ஏற்ற இறக்கம்) அதே இரண்டாம் தொனி. நீருக்குப் பதில் மரத்தை வைத்தால் ‘மாதிரி, விதம்’ என்று பொருள்; ஒலி அதேதான், தொனி மட்டும் நான்காவது. இந்த இணைப்பு பிடிபட்டால் எழுத்து மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே நாளில் பத்து நீர் எழுத்துகளை எடுக்காதீர்கள், எல்லாம் கலந்துவிடும். நான்கைந்து போதும். வியர்வைக்கு வலப்பக்கம் இரண்டு கிடைக்கோடுகள், நடுவே ஒரு நெடுங்கோடு. பழச்சாற்றுக்கு ஒரே கிடைக்கோடு. இப்படிக் குழப்பும் ஜோடியை மட்டும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

‘சட்டம்’ என்ற எழுத்திலும் நீர் இருக்கிறது. இன்றைய பொருளை வைத்து ஊகிக்க முடியாது. அத்தகையவற்றை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். 1716இல் முடிந்த காங்ஷி என்ற சீன எழுத்து அகராதி 214 உறுப்புகளை வைத்திருக்கிறது. எல்லாம் வேண்டாம், நீர், மரம், வாய், கை, பேச்சு, மனம் என்று அடிக்கடி வருபவற்றிலிருந்து தொடங்குங்கள்.