உலோகத்தில் ஒரு மசெராட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரிக் கார்களைச் செய்துவருகிறேன். சென்ற ஆண்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் எந்தப் பாகத்தையும் தொடாமல், மசெராட்டி 250எஃப் பந்தயக் காரை எட்டில் ஒரு பங்கு அளவில் முழுக்க உலோகத்தில் செய்யத் தொடங்கினேன். 1957 ஜெர்மன் கிராண்ட் பிரீ பந்தயத்தில் அர்ஜென்டின வீரர் ஃபாஞ்சியோ ஓட்டிய கார்தான் என் மனத்தில் இருந்தது. பித்தளைக் குழாய்களால் சட்டகத்தைப் பற்றவைத்து முடித்துக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தபோது ஒரு மூலை தரையைத் தொடாமல் நின்றது. அலுமினியத் தகட்டில் மூக்குப் பகுதியைத் தட்டினேன். எங்கும் சொட்டை, இரண்டு இடங்களில் கிழிசல். ஆரக்கால் கோக்கும் முயற்சியில் நான்கு ரிம்கள் வீணாயின. இந்த வேலை என் கைக்கு வராதோ என்று ஐயமாக இருக்கிறது. நல்ல லேத்தும் (கடைசல் இயந்திரம்), உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் இயந்திரமும் வாங்கினால் சரியாகிவிடுமா? இப்படி ஒரு மாதிரியை முடிக்க எவ்வளவு காலம் பிடிக்கும்? உடலை முப்பரிமாண அச்சில் எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். அது ஏமாற்று வேலை ஆகாதா?

அன்புடன்,
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பொறுமையாகப் பார்த்தேன். பற்றாசு, அதாவது பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவை, ஒவ்வொரு மூட்டையும் சுற்றிச் சீராக ஓடியிருக்கிறது. எங்கும் கட்டி தட்டவில்லை, எங்கும் வெற்றிடம் இல்லை. கைக்கு வராதவர் இப்படிப் பற்றவைக்க முடியாது. அந்தப் படங்களில் நான் தேடியும் காணாதது ஒன்றுதான்: பற்றவைக்கும்போது அந்தக் குழாய்களைப் பிடித்துவைத்திருந்த தாங்கி. பட்டறைக்காரர்கள் ஜிக் என்று சொல்வது அதைத்தான். குழாய்களைக் கையாலும் கிளிப்பாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பற்றவைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சட்டகம் முறுக்கிக்கொண்டதும், தகடு சொட்டை விழுந்ததும், ரிம்கள் கோணியதும் மூன்று தனித்தனித் தோல்விகளாக உங்களுக்குத் தெரிகின்றன. எனக்கு அவை ஒரே தோல்வியாகத்தான் தெரிகின்றன. காரின் பாகங்களைச் செய்ய முனைந்தீர்கள். அந்தப் பாகங்களைப் பெற்றுத்தரும் சாதனங்களைச் செய்யவில்லை. உலோக மாதிரியில் செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி, முடிந்த மாதிரியில் எங்கும் கண்ணுக்குத் தெரியாத பொருள்களுக்குத்தான் போகிறது.

சட்டகத்திலிருந்து தொடங்குகிறேன். 250எஃப்-இன் முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2280 மில்லிமீட்டர். உங்கள் அளவில் அது 285 மில்லிமீட்டர். பித்தளை, ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 19 பங்கு நீளும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த எண்ணை உங்கள் குழாயில் பொருத்திப் பாருங்கள்: 285 மில்லிமீட்டர்க் குழாய் முழுவதும் 150 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அது 0.8 மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீண்டிருக்கும் நிலையிலேயே பற்றாசு உறைந்து மறுமுனையையும் பிடித்துக்கொண்டது என்றால், குளிரும்போது அந்தக் குழாய் சுருங்கித் தன்னோடு பக்கத்துக் குழாயையும் இழுக்கும். இடப்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு வலப்பக்கம் வந்திருந்தால், முறுக்கு விழாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆகவே பத்து மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியப் பலகை ஒன்றை எடுத்து, அதன்மேல் சட்டகத்தின் வரைபடத்தைக் கீறி, ஒவ்வொரு குழாயும் உட்காரும் இடத்தில் பள்ளமிட்ட சிறு தூண்களைத் திருகி நிறுத்துங்கள். அலுமினியத்தில் சாதாரணப் பற்றாசு ஒட்டாது என்பது இங்கே வசதி. ஆனால் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தூண்கள் குழாயைத் தொடும் பரப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். முன்முனையை இறுகப் பூட்டுங்கள். பின்முனை பக்கவாட்டில் அசையாமல், நீளவாக்கில் மட்டும் வழுக்கிச் செல்லும்படி விடுங்கள். இரு முனைகளையும் பூட்டிவிட்டு, ஜிக் இருந்தும் முறுக்கிக்கொண்டதே என்று புலம்புபவர்கள் பலர். நடுவிலிருந்து வெளிநோக்கி, இடம் ஒன்று வலம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பற்றவையுங்கள்.

வெப்பத்துக்கும் ஒரு வரிசை உண்டு. தொங்கமைப்பின் (சஸ்பென்ஷன்) கைகளைத் தாங்கும் சிறு பிடிகளை வெண்காரம் இட்டு வெள்ளிப் பற்றாசால் தனியே முடித்துவிட வேண்டும்; அதற்கு 650 டிகிரிக்கு மேல் தேவைப்படும். அடுத்து, சட்டகத்தின் மூட்டுகளுக்கு 221 டிகிரியில் உருகும் வெள்ளீய-வெள்ளிக் கலவை. கடைசியில் ஒட்டும் நுண்பாகங்களுக்கு 183 டிகிரியில் உருகும் வெள்ளீய-காரீயக் கலவை. இந்தப் படிகளில் இறங்கி வந்தால் பின்னதைப் பற்றவைக்கும்போது முன்னது அவிழாது. நீண்ட குழாய்களை வெள்ளிப் பற்றாசால் இணைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வெப்பத்தில் பித்தளைக் குழாய் தன் விறைப்பை இழந்து இளகிவிடும். பிறகு மாதிரியைத் தூக்கும்போதெல்லாம் வளையும்.

உடல் விஷயத்தில் உங்களுக்கு இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சுத்தியலுக்குத் தொடர்பில்லாதது. பக்கவாட்டுப் படத்தையும் நீங்கள் இணைத்திருந்த வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த வரைபடம் 1954-இல் களமிறங்கிய தொடக்ககாலக் காரினுடையது. 1957 ஆகஸ்ட் 4 அன்று, அந்த ஜெர்மன் பந்தயம் நடந்த நூர்பர்க்ரிங் களத்தில் ஃபாஞ்சியோ ஓட்டியது எடை குறைக்கப்பட்ட பிற்காலச் சட்டகம் கொண்ட கார். குழாய்களின் பருமனும் வேறு, மூக்கின் வடிவமும் வேறு. ஒன்றின் சட்டகத்தின்மேல் மற்றொன்றின் உடலைப் பொருத்த முயன்றால், எவ்வளவு திருத்தமாகத் தட்டினாலும் அது உட்காராது. 250எஃப் என்று ஒரே கார் இருந்ததில்லை. அந்தப் பெயரில் இருந்த ஒவ்வொரு காரும் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றப்பட்டது. குறிப்பிட்ட ஒரு காரை, குறிப்பிட்ட ஒரு நாளில் அது இருந்த நிலையில் தேர்ந்துகொண்டு, அந்த நாளின் படங்களை மட்டும் நம்புங்கள். இன்று காட்சிக்கு நிற்கும், புதுப்பிக்கப்பட்ட கார்களைப் பார்த்து அளவெடுப்பது பயனுள்ளதுதான். ஆனால் பந்தயக் காலத்தில் எந்த மெக்கானிக்கும் செம்புக் குழாயை அவ்வளவு பளபளப்பாகத் துடைத்துக்கொண்டிருக்கவில்லை.

இனி சுத்தியல். வெற்று மணல்பையின்மேல் கண்மதிப்பில் தட்டியிருக்கிறீர்கள். பேரளவு உடல்களைத் தட்டிப் பழகிய கைகளுக்கு அது போதும். அந்தக் கைகள் நமக்கு இல்லை. நெருக்கமான இழையுள்ள கடின மரத்தில் உடலின் வடிவத்தை முழுதாகச் செதுக்கி, தகட்டை அதன்மேல் படியவைப்பதுதான் நமக்கான வழி. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் மர அச்சை நான் காரின் புற அளவுக்கே செதுக்கினேன். தகடு அதன்மேல் அழகாகப் படிந்தது. அரை மில்லிமீட்டர்த் தகடு, இருபுறமுமாகச் சேர்ந்து உடல் ஒரு மில்லிமீட்டர் அகன்றுவிட்டது. எட்டில் ஒரு பங்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மைக் காரில் எட்டு மில்லிமீட்டர். எங்கோ பருத்திருக்கிறது என்று கண் சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கே என்று புரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. மர அச்சு தகட்டின் கனத்தளவு எல்லாப் பக்கமும் ஒடுங்கியிருக்க வேண்டும்.

உண்மைக் காரின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் நம் அளவில் அது 0.12 மில்லிமீட்டர் ஆகும். அவ்வளவு மெல்லிய தகட்டைத் தட்ட முடியாது, தட்டவும் வேண்டாம். தகட்டின் கனம் கண்ணுக்குத் தெரிவது ஓரங்களில்தான்: ஓட்டுநர் அறையின் விளிம்பு, மூடியின் விளிம்பு, மூக்கின் வாய். அரை மில்லிமீட்டரில் வேலையை முடித்துவிட்டு, இந்த விளிம்புகளை மட்டும் உட்புறமிருந்து அரத்தால் சரித்து மெலிதாக்கினால், முழு உடலும் மெலிதாக இருப்பதாகவே பார்ப்பவர் நம்புவார்.

கிழிசலுக்குக் காரணம், தகட்டை இடையிடையே இளக்காமல் தொடர்ந்து தட்டியது. தட்டத்தட்ட உலோகம் இறுகும். அதைக் காதே சொல்லிவிடும்: மந்தமாக இருந்த ஓசை மெல்ல மெல்லக் கணீரென்று மாறும்போது கொட்டாப்புளியை (மரச் சுத்தியல்) கீழே வைத்துவிட வேண்டும். செம்பை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கினால் இளகிவிடும். அலுமினியம் அப்படி எச்சரிக்காது. சிவக்காமலேயே 660 டிகிரியில் உருகி ஒழுகிவிடும். அதனால் அதன்மேல் சோப்பைத் தடவிச் சூடேற்றுங்கள். சோப்புப் பூச்சு கறுத்தவுடன் நெருப்பை எடுத்துவிட வேண்டும். உண்மைக் காரின் உடல் அலுமினியம் என்பதால் மாதிரியும் அலுமினியமாகவே இருக்க வேண்டும் என்ற உங்கள் பிடிவாதத்தை மதிக்கிறேன். ஆனால் அதன்மேல் சிவப்பு வண்ணம் பூசப்போகிறீர்கள். பூசுவதாக இருந்தால் செம்பே மேல்: அது கைக்கு இணங்கும், கிழிந்தால் பற்றவைக்கலாம். வண்ணம் பூசாத மாதிரி ஒன்றைச் செய்யும்போது அலுமினியத்துக்குத் திரும்புங்கள்.

மூடியிலும் பக்கங்களிலும் வரிசையாக இருக்கும் லூவர்களை, அதாவது காற்றுப் போக விட்ட சாய்ந்த பிளவுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கும் நாள் வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஒருபக்கம் கூர்விளிம்பும் மறுபக்கம் உருண்டையும் கொண்ட எஃகு அழுத்தி ஒன்றும், அதற்கு இணையான பள்ளமுள்ள எஃகுக் கட்டை ஒன்றும் செய்து, வைஸில் வைத்து அழுத்த வேண்டும். இடைவெளி பிசகாதிருக்க, முந்தைய லூவர் போய் மாட்டிக்கொள்ளும் ஒரு நிறுத்தியும் அதில் வேண்டும். ஒரு வாரம் இதற்கே போகும். பிறகு எல்லா லூவர்களும் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

சக்கரத்துக்கு வருகிறேன். இந்தக் காரைப் பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். 16 அங்குல ரிம் உங்கள் அளவில் சரியாக 2 அங்குலம். கோணலை உண்டாக்கியது உங்கள் கடைசல் வேலை அல்ல. ரிம்மையும் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தையும் எதிலும் பூட்டாமல் ஆரக்கால்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டியதுதான். ஒரு கம்பியை இழுத்தால் ரிம் அந்தப் பக்கம் வந்துவிடும். அதைச் சரிசெய்ய எதிர்க்கம்பியை இழுத்தால் முட்டைவடிவம் ஆகும். வட்டப் பலகை ஒன்றில் ரிம் இறுக்கமாக உட்காரும் பள்ளத்தைக் கடைந்து, நடுவில் குடத்துக்கு ஒரு முளையும், குடம் நிற்க வேண்டிய உயரத்துக்கு ஒரு வளையமும் வையுங்கள். ரிம்மில் துளையிடுவதற்குத் தனியாகப் பாகை பிரித்த தட்டு ஒன்று வேண்டும், கண்ணால் பிரிக்காதீர்கள். ஆரக்கால்களின் எண்ணிக்கையை எந்தக் குறிப்பிலிருந்தும் எடுக்காமல், உங்கள் காரின் படத்திலிருந்தே எண்ணுங்கள். உண்மைக் கம்பி 4 மில்லிமீட்டர் என்றால் உங்களுக்கு வேண்டியது அரை மில்லிமீட்டர்த் துருவேறா எஃகுக் கம்பி. உள்வரிசை முழுவதையும் முடித்த பிறகே வெளிவரிசை. எப்போதும் எதிரெதிர் இணைகளாக. எல்லாம் பிடித்த பிறகுதான் சக்கரம் அந்தப் பலகையை விட்டு வெளியே வரலாம்.

இப்போது உங்கள் கேள்விகள். லேத் வேண்டும், ரிம், குடம், காற்றுச்சிறகுகள் கொண்ட பிரேக் டிரம் ஆகியவற்றுக்கு வேறு வழியில்லை. சிறியதே போதும். மில்லிங் இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். எஞ்சின் தொகுதிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆறு சிலிண்டர்களுக்குப் பன்னிரண்டு ஸ்பார்க் பிளக்குகள் கொண்ட அந்த எஞ்சினுக்குத் தனிக் கடிதமே எழுத வேண்டியிருக்கும். காலம்: மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்தால் மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் ஆண்டு முழுவதும் மேசைமேல் காரைப் போல எதுவும் இருக்காது. வீட்டில் உள்ளவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முப்பரிமாண அச்சு பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. உடலை அச்சில் எடுத்தால் அது உலோக மாதிரி ஆகாது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தகட்டைத் தட்டுவதற்கான அச்சுருவை, சக்கரத்தின் பாகைத் தட்டை, துளைகளுக்கான வழிகாட்டிகளை அப்படி எடுத்துக்கொள்வதில் எந்த ஏமாற்றும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் கூடு கொட்டாப்புளிக்கு நசுங்கிவிடும் என்பதால் அச்சுருவை உள்ளே கெட்டியாக நிரப்பி எடுங்கள். நெருப்புக்கு அருகில் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

முறுக்கிய சட்டகத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? கண்ணாடிமேல் வைத்து, தூக்கி நிற்கும் மூலைக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மூலைவிட்டக் குழாய்களின் பின்முனை மூட்டுகளை மட்டும் சூடாக்கி விடுவித்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டால், அந்தச் சட்டகத்தையே புதிய தாங்கியில் பூட்டி அந்த மூட்டுகளை மறுபடி பற்றவைக்கலாம். மறையாவிட்டால், முதலில் எந்தப் பக்கத்தை முடித்தீர்கள் என்பதையும் சேர்த்து இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.