டப்பாவை நம்பாதீர்கள், வாளியை நம்புங்கள்: ரிட்டர்ன் பம்ப் கேள்வி பதில்

சம்ப் (மேல்தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) வைத்த மீன்தொட்டி பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி ரிட்டர்ன் பம்பைப் பற்றியவை. மேல்தொட்டியிலிருந்து வழிந்து சம்புக்கு இறங்கும் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் மோட்டார் அது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணிக்குப் பத்து மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். சரிதானா அண்ணா?

உங்கள் தொட்டி சுமார் 250 லிட்டர். நாலைந்து மடங்கு போதும், அதாவது மணிக்கு 1000 முதல் 1250 லிட்டர். நீரோட்டத்துக்கும் வடிகட்டுவதற்கும் ஒரே மோட்டாரை நம்பியிருந்த காலத்தின் கணக்கு அந்தப் பத்து மடங்கு. இப்போது நீரோட்டத்தை, தொட்டிக்குள் தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். சம்பில் தண்ணீர் பாய்ந்து ஓடினால் மிச்சம் சத்தமும் பொடிக் குமிழியும்தான்.

கேள்வி: டப்பாவில் 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. மாட்டினால் குழாயில் நூல் மாதிரி வருகிறது. ஒன்றரை மீட்டர் ஏற்றம், அரை அங்குல பைப், மூன்று எல்போ. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 3000 என்பது ஏற்றமே இல்லாதபோது வருவது. டப்பாவில் பக்கத்திலேயே 'எச் மேக்ஸ் 2 மீ' என்று இருக்கும். இரண்டு மீட்டர் உயரத்தில் தண்ணீர் பைப்புக்குள் அப்படியே நிற்கும், ஒரு சொட்டும் வெளியே வராது என்று அதற்குப் பொருள். ஒன்றரை மீட்டர் ஏற்றினால் முக்கால் பங்கு தெம்பு அதிலேயே போய்விடும். மிச்சம் கால் பங்கு, தோராயமாக 750 லிட்டர். பம்பின் வரைபடத்தைப் பார்த்தால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அந்தக் கூடுதலைப் பைப் விழுங்கிவிடும்.

உயரத்தைப் பம்பிலிருந்து அளக்காதீர்கள். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை அளக்க வேண்டும்.

அப்புறம் அந்த அரை அங்குல பைப். பம்பின் வாய் ஒரு அங்குலம் இருக்கும்போது ரெட்யூசர் போட்டு ஏன் கழுத்தை நெரிக்கிறீர்கள்? ஒரே அளவு தண்ணீரை விட்டம் பாதியான பைப்பில் தள்ளினால் உராய்வு சுமார் முப்பது மடங்கு ஏறும். முதலில் ஒரு அங்குல பைப் போடுங்கள், எல்போ இருந்த இடத்தில் வளையும் ஹோஸ் போடுங்கள். போதாவிட்டால் பம்பை மாற்றலாம்.

எத்தனை லிட்டர் வருகிறது என்று ஊகிக்கவே வேண்டாம். 10 லிட்டர் வாளியை ரிட்டர்ன் வாயில் பிடித்து, கைபேசியில் விநாடியை எண்ணுங்கள். 36000-ஐ அந்த விநாடியால் வகுங்கள். 36 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1000 லிட்டர். சம்பில் பத்து லிட்டர் குறையும், பம்ப் காற்றை இழுக்காமல் ஒரு கண் வைத்திருங்கள். புதுப் பம்ப் வந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை இதுதான்.

கேள்வி: கார்ப்பரேஷன் தண்ணீர் இழுத்த அரை எச்பி மோட்டார் சும்மா கிடக்கிறது. இல்லாவிட்டால் ஏர் கூலர் பம்ப்?

அரை எச்பி வேண்டவே வேண்டாம். நாளெல்லாம் ஓடினால் ஒன்பது யூனிட் தின்னும். அது ஏற்றுகிற வேகத்துக்கு ஓவர்ஃப்ளோ குழாய் இறக்காது; ஹாலில் காகிதக் கப்பல் விடலாம். கூலர் பம்ப் நன்னீருக்கு அவசரத்துக்கு ஓடும். கடல்நீர் என்றால் ஷாஃப்ட் (உள்ளே சுழலும் பகுதியின் அச்சு) செராமிக்கா என்று கேட்டு வாங்குங்கள், இரும்பு துருப்பிடிக்கும்.

கேள்வி: டிசி பம்ப் விலை கண்ணைக் கட்டுகிறது. தேவையா?

60 வாட் ஏசி பம்ப் இரண்டு மாத பில்லில் 86 யூனிட். அதே வேலையை 25 வாட் டிசி பம்ப் செய்தால் 36. அந்த 50 யூனிட் உங்கள் வீட்டை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் தின்னும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத் தொட்டியில்தான் சேரும். சென்னை மே மாதத்தில் அதுவும் ஒரு தலைவலி.

ஒரு எச்சரிக்கை. 'பெரிய டிசி பம்பாக வாங்கிக் குறைத்து ஓட்டுகிறேன்' என்பார்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஏற்றும் உயரம் கால்வாசி ஆகிவிடும். 4 மீட்டர் ஏற்றும் பம்ப் ஒரு மீட்டரில் நின்றுவிடும்.

கேள்வி: கரன்ட் போனதும் சம்ப் வழிந்து மர ஸ்டாண்டு ஊறிவிட்டது. நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீருமா?

தீராது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு அது; ஒரு மணல் துகள் இடுக்கில் சிக்கினால் மூடாது. பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் தண்ணீரைத் தலைகீழாக உறிஞ்சும், அதன் வாய் காற்றைத் தொடும்வரை. நாலடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஐந்தரை லிட்டர். வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 55 லிட்டர் கீழே வந்துவிடும். வாயை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு உயர்த்துங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு ஓட்டையும் போடுங்கள்; மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் அது காற்றை இழுத்து உறிஞ்சலை நிறுத்தும்.

அந்த ஓட்டையையும் நான் முழுதாக நம்புவதில்லை. ஒரு ராத்திரி கரன்ட் போய், காலைப் பாய்விரிப்பில் வைத்தால் சொதசொதவென்றிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு நத்தை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. ஆகவே ஓட்டையை டேப்பால் அடைத்துவிட்டு, பிளக்கை நீங்களே பிடுங்குங்கள். தண்ணீர் முழுக்க இறங்கி நின்றதும் சம்ப் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கும்படி சரிசெய்யுங்கள். பம்பை மறுபடி ஓடவிட்டு, அப்போதைய மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்குமேல் ஒருபோதும் நிரப்பாதீர்கள். அப்புறம் டேப்பை உரிக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு நாளாகப் பம்ப் கர்ரென்று கத்துகிறது.

சம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறதா பாருங்கள். ஆவியாகிற தண்ணீர் எல்லாம் பம்ப் அறையில்தான் குறையும். மட்டம் சரியாக இருந்தால் பம்பை நிறுத்தி இம்பெல்லரை (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கழற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கிண்ணத்தில் என்ன ஊறுகிறது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதில் வெங்காயம் நறுக்கிப் போட்டுவிட்டார்கள்.